நந்தனார்: மேடையும் திரையும் நம் மக்களும்

தமிழ் மேடை கண்ட நாடகங்கள் பல. அரிச்சந்திரன், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் ஆகியவை மக்களை விடிய விடிய விழித்திருக்கச் செய்தன. ஆயினும் நந்தனார் சரித்திரத்துக்கு வாய்த்த ரசிகர் கூட்டம் வேறு எந்த நாடகத்துக்கும் வாய்த்ததில்லை எனலாம். சபாவில் அமர்ந்து இராகத்தை நுகர்ந்த சங்கீத ரசிகர் ஒரு சாரார். பக்தியால் உருகிய சைவ அன்பர் மற்றொரு சாரார். கொட்டகையின் மண்தரையில் அமர்ந்து, தம் பாட்டன் கதையைத் தாமே காண்பதுபோல் விம்மிய நம் மக்கள் மூன்றாம் சாரார். நிலக்கிழாரும் அவர் வயலில் உழைத்தவரும் ஒரே கதைக்குக் கண்ணீர் சிந்தினர். இரண்டும் ஒரே கண்ணீரா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

கல்விப் பணிக்கென்று தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் நந்தனார் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அப்பெயரை வைத்திருக்கலாமா என்று நம் இளைஞர் சிலர் இன்று கேட்கின்றனர். அதே பெயரைக் கேட்டவுடன் நம் முதியோர் பாடத் தொடங்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று வரலாற்றைச் சற்று ஆராய்வது நம் கடமையாகிறது.

புராணம் சொல்லும் நந்தனார்

நந்தனாரைப் பற்றிய முதற்குறிப்பு சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் உள்ளது. அங்கே அவர் பெயர் திருநாளைப்போவார் என்பது மட்டுமே. பின்னர் நம்பியாண்டார் நம்பி அவரைப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாடல்களில் அவர் வரலாற்றை விரித்துரைத்தார்.

சேக்கிழார் காட்டும் நந்தனார் யார்? கொள்ளிடக் கரையில் மேற்காநாட்டு ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். ஊருக்குப் பறைத்தொழில் செய்பவர். அத்தொழிலுக்கென ஊரார் விட்ட பறைத்துடவை என்னும் நிலமே அவருக்கு உணவு தந்தது. கோயில்களின் பேரிகைக்கும் முழவுக்கும் தோலும் வாரும் தந்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தந்தார். அருச்சனைக்குக் கோரோசனை தந்தார். கோயிலின் இசையெல்லாம் இவர் தந்த தோலிலும் நரம்பிலும் எழுந்தது. இவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியதும், அங்கே அவர் குளம் வெட்டியதும், தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள்தோறும் சொல்லி வந்ததும், இறுதியில் தில்லையில் தீயினுட் புகுந்து முனிவர் வடிவில் எழுந்ததும் அப்புராணம் கூறுவன.

இங்கே ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். சேக்கிழார் நூலில் ஆண்டை இல்லை. நந்தனாரைத் தடுக்கும் வேதியர் இல்லை. அவர் எவரிடமும் விடுமுறை கேட்டு நிற்கவில்லை. தம் தொழிலுக்குரிய நிலத்தை உரிமையாகக் கொண்டு தம் கையால் உழைத்து உண்டவர் அவர். அவரைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுத்தது பிறப்பின்மேல் சமூகம் சுமத்திய இழிவு என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. ஆனால் அவரை எவர்க்கும் அடிமையாக அவர் காட்டவில்லை.

கீர்த்தனையில் வந்த வேதியர்

இன்று நாம் அறிந்த நந்தனார் நாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. அதன் ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரத்துக்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அந்தணர் குலத்தினர், இல்லறம் ஏற்காதவர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அலுவலர் ஒருவரது ஆதரவால் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார். இலக்கணப் பிழைகளும் பெரியபுராணத்துக்கு மாறான செய்திகளும் அத்தயக்கத்துக்குக் காரணங்கள் எனச் சொல்லப்படும். பாரதியார் தம் கீர்த்தனைகளைப் பாடக் கேட்ட பின்னரே அவர் மனம் இளகினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியவற்றால் இச்செய்தி தமிழகம் அறிந்ததாயிற்று.

பாரதியார் செய்த பெரிய மாற்றம் வேதியர் என்னும் பாத்திரம். நந்தனார் இப்போது பண்ணையாள். வேதியர் அவருடைய ஆண்டை. தில்லை செல்ல ஆண்டையின் உத்தரவு வேண்டும். நந்தனார் கெஞ்சுகிறார், ஆண்டை மறுக்கிறார். வயல்வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்று நடவாத காரியம் ஒன்றை நிபந்தனையாக்குகிறார். ஒரே இரவில் இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட வேதியர் நந்தனாரின் காலில் வீழ்கிறார்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையும் தீமையும் உண்டு. நன்மை இது: தஞ்சைத் தரணியில் நம் மக்கள் பண்ணையாட்களாக அடைந்த துன்பத்தை ஓர் அந்தணப் புலவர் வெளிப்படையாகப் பாடினார். புராணத்தில் பெயரில்லாமல் நின்ற தடைக்கு அவர் ஒரு முகத்தைக் கொடுத்தார். அந்த முகம் நிலவுடைமையின் முகம். அந்நாளில் இது எளிய செயலன்று. தீமை இது: தம் நிலத்தில் உழைத்து உண்ட தொண்டர் ஆண்டையின் முன் கைகட்டி நிற்பவராயினார். மேலும், நம் மக்களின் தெய்வங்களும் உணவும் பழக்கமும் நகைப்புக்கும் வெறுப்புக்கும் உரியவையாகக் கீர்த்தனை நூலிலும் அதைப் பின்பற்றிய மேடையிலும் காட்டப்பட்டன. நந்தனார் உயர்வதற்குச் சேரி தாழ வேண்டியிருந்தது. ஒருவரை உயர்த்த ஊரையே தாழ்த்தும் முறையை நாம் ஏற்பதற்கில்லை.

மேடையும் ரசிகரும்

கீர்த்தனை முதலில் கதாகாலட்சேப மேடையில் பரவியது. பாகவதர் ஒருவரே நந்தனாராகவும் வேதியராகவும் மாறி மாறிப் பாடுவார். கதை தெரிந்ததே, பாட்டும் தெரிந்ததே. இந்த இடத்தை இந்தப் பாகவதர் எப்படிப் பாடப்போகிறார் என்பதற்காகவே கூட்டம் காத்திருந்தது. அடுத்து ஸ்பெஷல் நாடகக் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டன. ஆர்மோனியத்தின் சுருதியும் மிருதங்கமும் சேர, இரவு தொடங்கிய நாடகம் தீக்குழிக் காட்சிக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

கச்சேரி மேடையும் இக்கீர்த்தனைகளை விடவில்லை. இறைவனை நோக்கி நான் உன் அருகே வரலாகுமா என்று நந்தனார் வினவும் மாஞ்சி இராகக் கீர்த்தனை இன்றும் பெரும் வித்துவான்களால் பாடப்பெறுகிறது. அதைக் கேட்கும் சங்கீத ரசிகர் கண்ணை மூடித் தலையசைக்கிறார். அந்தக் கேள்வியை எந்தக் குலத்தவன் எந்த வாயிலில் நின்று கேட்டான் என்ற நினைவு அவருக்கு வருவது அரிது. சேரியில் பிறந்த கெஞ்சல் சபாவில் இராகமாகிவிட்டது. இசையின் ஆற்றலுக்கு இது சான்று. மறதியின் ஆற்றலுக்கும் இதுவே சான்று.

ஊர் மேடையில் நம் மக்களின் நிலை வேறு. ஊர்த்தெருவில் நாடகம் நடக்கும். நம்மவர் எட்ட நின்று பார்ப்பர். மேடையில் நந்தனார் கோயிலுக்கு வெளியே நின்றார். நந்தனாரின் குலத்தவர் மேடைக்கு வெளியே நின்றனர். இந்த முரண்பாட்டை அன்று கூடியிருந்தோரில் எத்தனை பேர் உணர்ந்தனரோ, நாம் அறியோம். எட்ட நின்றவர் நிச்சயம் உணர்ந்திருப்பர்.

திரைக்கு வந்த நாடகம்

மௌனப் படக் காலத்திலேயே நந்தனார் கதை திரைக்கு வந்துவிட்டது. ஆனால் இது பாட்டால் வாழும் கதை. பேசும் படம் வந்த பின்னரே இதற்கு உயிர் வந்தது.

1935ஆம் ஆண்டு பக்த நந்தனார் வெளிவந்தது. இயக்குநர் மாணிக்லால் டாண்டன். நந்தனாராக நடித்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். மேடையில் ஆண் வேடம் ஏற்றுப் புகழ்பெற்ற அவர், கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்த பின்னர் வெண்ணிற ஆடையோடு வாழ்ந்து வந்தார். திரையில் தோன்ற அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்நாளில் எவரும் கேட்டறியாத தொகை அது. நந்தனாரைப் போன்ற பண்ணையாட்களுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், நந்தனாராக நடிப்பவர்க்கு லட்ச ரூபாய் என்பது ஊரெல்லாம் பேச்சாயிற்று. வேதியராக நடித்தவர் பெரும் சங்கீத வித்துவானாகிய மகாராஜபுரம் விசுவநாதையர். நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் படத்தில் இருந்தன.

படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை. ஆனந்த விகடனில் விமரிசனம் எழுதிய கல்கி, இப்படத்தில் இயல்பாக நடித்த பெருமையைப் பனைமரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் அளித்துக் கேலி செய்தார். ஆனால் சுந்தராம்பாளின் குரல் படத்தைக் கடந்து வாழ்ந்தது. பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் படம் எட்டாத சிற்றூர்களுக்குச் சென்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாட்டுப் புத்தகத்தை வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிச் சென்று வாசிக்கச் சொல்லிக் கேட்ட காலம் அது.

1942ஆம் ஆண்டு எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி நிறுவனம் மீண்டும் நந்தனாரைத் திரைக்குக் கொணர்ந்தது. இயக்குநர் முருகதாசா. நந்தனாராக நடித்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாடல்கள் எழுதினர். தேசிகர் ஓதுவார் மரபில் வந்து தேவாரப் பண்களில் தோய்ந்தவர்; பட்டினத்தார், தாயுமானவர் ஆகிய படங்களில் முன்னரே நடித்தவர். பிற்காலத்தில் நந்தனாரின் தில்லையிலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக விளங்கினார். இப்படம் பெருவெற்றி கண்டது. நந்தனார் என்ற பெயரைக் கேட்டால் தேசிகரின் உருவமும் குரலும் நினைவுக்கு வருமளவுக்கு அது மக்கள் மனத்தில் பதிந்தது.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட ஏழாண்டுகள் நம் வரலாற்றில் அரியவை. 1936 நவம்பர் 12இல் திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 சூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதையர் தலைமையில் நம்மவர் நுழைந்தனர். அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது. 1947இல் விரிவான கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. 1935இல் படம் பார்த்தவர்களுக்குக் கோயில் நுழைவு ஒரு கோரிக்கை. 1942இல் பார்த்தவர்களுக்கு அது கண்முன் நடக்கும் போராட்டம். தீயில் இறங்காமலே மதுரையில் நம்மவர் உள்ளே சென்றுவிட்டனர் என்பதை அறிந்த பின்னர் ஜெமினியின் தீக்குழிக் காட்சியைக் கண்ட ஒருவர், 1935இல் கண்டவரைப் போல் அதைக் கண்டிருக்க முடியாது.

கொட்டகையில் கிடைத்த சமத்துவம்

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே; அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்று, வாங்கும் சீட்டின் விலையே என்பது அவர் கருத்து.

இதை நந்தனார் படத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நாடகம் ஊர்த்தெருவில் நடந்தபோது எட்ட நின்றவர், கொட்டகையில் தரைச்சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்தார். நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார் என்பது உண்மை. காசு இல்லாமை சாதியின் மற்றொரு பெயராகப் பல ஊர்களில் இருந்தது என்பதும் உண்மை. ஆயினும் வாயிலில் நின்றவன் குலம் கேட்கவில்லை. சீட்டைக் கிழித்து உள்ளே விட்டான். உள்ளே விடப்படாத ஒருவரின் கதையைக் காண நம் மக்கள் உள்ளே விடப்பட்டனர். கோயில் செய்யாததைக் கொட்டகை செய்தது.

அங்கே என்ன நிகழ்ந்தது? நம் முதியோர் சொல்லக் கேட்டவற்றால் ஒன்று புலனாகிறது. ஒரே படத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைக் கொண்டாடினர். பாட்டு வரும்போது நாற்காலி வரிசை சிலிர்த்தது. இறைவன் காட்சி தந்தபோது கொட்டகை முழுவதும் கைகூப்பியது. வேதியர் நந்தனாரின் காலில் வீழும் காட்சியில்தான் தரைச்சீட்டு எழுந்து நின்று கைதட்டியது. படம் முடிந்து ஊர் திரும்பும் வழியெல்லாம், அடுத்த நாள் நடவு வயலில், கள்ளத்தனமாகப் புகை பிடிக்க ஒதுங்கிய வரப்பில், அந்த ஒரு காட்சியையே மீண்டும் மீண்டும் சொல்லி மகிழ்ந்தனர். படம் பாராதவர்க்குப் பார்த்தவர் நடித்துக் காட்டினர். ஆண்டையின் குரலில் ஒருவர் பேச, நந்தனாரின் குரலில் மற்றொருவர் பாட, நாடகம் திரையிலிருந்து சேரிக்குத் தானே நடந்து வந்தது.

இதைக் கண்மூடித்தனமான சினிமா மோகம் என்று ஒதுக்கலாகாது. கீர்த்தனை ஆசிரியர் எண்ணியது வேறாயினும், படம் எடுத்தவர் எண்ணியது வேறாயினும், நம் மக்கள் தமக்கு வேண்டியதை அதிலிருந்து தாமே எடுத்துக்கொண்டனர். ஆண்டையும் ஒருநாள் குனிவான் என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வெள்ளித்திரையில் ஒரு நிமிடமே நீடித்த அக்காட்சி அவர்கள் நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் நின்றது.

நம்மவர் தந்த மறுமொழிகள்

ரசிப்பது ஒன்று; கதையைத் திருப்பிச் சொல்வது மற்றொன்று. நம் முன்னோர் இரண்டையும் செய்தனர்.

படங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) நந்தனை வேறொரு கோலத்தில் காட்டினார். அவருடைய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் பண்ணையாளன் அல்லன். பௌத்த நெறி நின்ற அரசன். சூழ்ச்சியால் அவன் வீழ்த்தப்பட்டான் என்பது பண்டிதர் கூறும் வரலாறு. இதன் ஒவ்வொரு விவரத்தையும் ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆனால் உத்தரவு கேட்டு நிற்பவனாகவே நந்தனை உலகம் பார்த்த நாளில், உத்தரவு இடுபவனாக அவனைக் கண்ட துணிவு போற்றத்தக்கது.

சுவாமி சகஜானந்தர் வேறொரு வழியில் மறுமொழி கூறினார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த அவர், சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். பக்த நந்தனார் படம் வருவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பு! நந்தனார் தீயில் மூழ்கினார் என்று மரபு கூறும் ஓமக்குளத்தின் அருகிலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுந்தது. காந்தியடிகள் 1927இல் அங்கு வந்தார். சுவாமிகள் சட்டமன்ற உறுப்பினராகவும் நெடுங்காலம் பணிபுரிந்து 1959இல் மறைந்தார். எந்த வாயில் நந்தனாருக்கு மூடியிருந்ததோ அந்த ஊரில் வேறொரு வாயிலைத் திறந்ததே அவர் செய்த விளக்கவுரை. அதற்கு அவர் எவரிடமும் இசைத்தட்டு வாங்கவில்லை. கதவும் பலகையும் கரும்பலகையும் வாங்கினார்.

அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் யார் என்னும் நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கும் உரித்தாக்கினார். தீண்டாமையின் வேரை ஆராயும் நூலின் முதற்பக்கத்தில் நம் ஆதனூர்த் தொண்டரின் பெயர் நிற்கிறது. பக்தி மார்க்கத்தால் மட்டும் விடுதலை வராது என்று தெளிந்திருந்த அவரே அப்பெயரை மறக்கவில்லை. பெயரை வைத்திருக்கலாமா என்று கேட்கும் நம் இளைஞர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தந்த மறுமொழி மக்களைச் சிரிக்க வைத்தது. நந்தனார் காலட்சேபத்தை அடியொற்றிக் கிந்தனார் காலட்சேபத்தை அவர் நடத்தினார். உடுமலை நாராயணகவி அதற்குப் பாடல் தந்தார். அறிஞர் அண்ணா எழுதிய நல்லதம்பி படத்திலும் 1949இல் அது இடம்பெற்றது. நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார். கிந்தனார் படிக்கத் துடிக்கிறார். கிந்தனார் சென்னைப் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறார்; படித்துப் பள்ளி ஆய்வாளராகத் திரும்புகிறார். நந்தி விலகுவது அற்புதமென்றால், தாழ்த்தப்பட்டவர் பிள்ளை ஆய்வாளராக வந்து நிற்பதும் அற்புதமே. ஆனால் இதற்குத் தீக்குழி வேண்டியதில்லை. நந்தனாரை விரும்பிய அதே ரசிகர் கூட்டம் கிந்தனாரையும் விரும்பிக் கேட்டது என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி.

1978இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய நந்தன் கதை என்னும் நாடகம் மூடிமறைப்பின்றிப் பேசியது. தீப்புகுதல் அதில் அருட்செயலன்று. மேல்சாதியார் செய்த சூழ்ச்சி. மேடையில் நூறாண்டுக்கு மேலாக ஆரத்தி காட்டிப் போற்றப்பட்ட தீயைப் பார்த்து, இது கொலை என்று அந்நாடகம் கூறிற்று.

தீயைப் பற்றி ஒரு சொல்

நாடக மேடையில் தீக்குழிக் காட்சி உச்சக்கட்டம். திரையில் அதற்கெனத் தனி உத்திகள் கையாளப்பட்டன. கூட்டம் மெய்சிலிர்த்துக் கைகூப்பிற்று. ஆனால் பாரதியாரின் கீர்த்தனை பிறந்த அதே தஞ்சைத் தரணியில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று நம் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. கூலி உயர்வும் சங்கம் சேரும் உரிமையும் கேட்டதே அவர்கள் மீது மூண்ட சினத்துக்குக் காரணம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து 16 ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஆண்டையின் உத்தரவுக்கு அப்பால் வாழ முயன்றவர்க்குக் கிடைத்தது அந்த நெருப்பு. அவர்களுள் எவரும் முனிவர் வடிவில் எழுந்து வரவில்லை.

வெண்மணிக்குப் பின் நந்தனாரின் தீக்குழியைக் கண்டு நாம் கைகூப்ப முடியாது. தேசிகரின் குரல் எவ்வளவு இனிதாயினும், சுந்தராம்பாளின் குரல் எவ்வளவு ஓங்கினும், அந்த ஒரு காட்சியில் நம் கண்கள் வேறொன்றைக் காண்கின்றன. தூய்மை பெற எரிய வேண்டும் என்ற கருத்து நம் பிள்ளைகளின் மனத்தில் ஒருபோதும் படியலாகாது. தூய்மைக்குக் குறை எதுவும் நந்தனாரிடம் இருந்ததில்லை. குறை அவரை வெளியே நிறுத்தியவர்களிடம் இருந்தது.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே நந்தனாரைத் துறப்பதா, துதிப்பதா என்னும் வழக்கில் நம் கருத்து இதுவே. பெயரைத் துறக்க வேண்டாம். அப்பெயரைச் சொல்லி நம் பாட்டன்மார் பாடினர், அழுதனர், கைதட்டினர், பள்ளி கட்டினர். அவர்கள் அன்பு வீண்போகவில்லை. ஆனால் கதையைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லவும் வேண்டாம்.

இதற்கு மூன்று பணிகளை நம் சங்கத்தார் முன் வைக்கிறோம். முதலாவது, நம் விடுதி மாணவர் பெரியபுராணத்தின் 37 பாடல்களையும் கீர்த்தனையின் கதையையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஆண்டை எங்கே இல்லை, எங்கே வந்தான் என்பதை அவர்களே கண்டறியட்டும். ஒரு கதை யார் கையில் எப்படி மாறும் என்பதைக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இரண்டாவது, நம் முதியோரிடம் எஞ்சியிருக்கும் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் திரட்டிச் சங்க நூலகத்தில் காக்க வேண்டும். கொட்டகையில் அவர்கள் எந்தக் காட்சிக்குக் கைதட்டினர், வீடு திரும்பி என்ன பேசினர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே எழுதி வைக்க வேண்டும். படத்தை எடுத்தவர் வரலாறு அச்சில் உள்ளது. தரையில் அமர்ந்து பார்த்தவர் வரலாற்றை நாம் எழுதாவிடில் வேறு எவர் எழுதுவார்? எழுதாமல் அவர்கள் மறைந்தால், அக்கைதட்டலும் அவர்களோடு மறையும்.

மூன்றாவது, ஆண்டுவிழாவில் நம் மாணவர் நந்தனார் நாடகத்தை நடிக்கலாம், மனமாரப் பாடலாம். ஆனால் தீக்குழிக்கு முன் திரையை இறக்கிவிடுக. பின்னர் அரங்கில் உள்ளோரை நோக்கி, நந்தனார் எதற்காக எரிய வேண்டும் என்று ஒரு மாணவி கேட்கட்டும். அக்கேள்விக்கு அரங்கம் விடை கூறட்டும்.

நம் சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணி எளியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சென்று சொன்னோம். வேலை முடியட்டும், அறுவடை போகட்டும், நாளைப் பார்க்கலாம் என்று சொன்ன வீடுகள் உண்டு. அந்த நாளை என்னும் சொல் நம் குலத்தில் மிகப் பழையது. திருநாளைப்போவார் அதை ஏக்கத்தோடு சொன்னார்; அவருக்கு வேறு வழியில்லை. நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. அவர்கள் எவருடைய உத்தரவையும் எதிர்நோக்க வேண்டியதில்லை. நாளை என்று சொல்லாமல் இன்றே அவர்கள் பள்ளிக்குப் புறப்படட்டும். நந்தனாருக்கு நாம் செய்யும் தொண்டு அதுவே.